பெயரற்ற முகங்கள்

ஒருவருடைய முகம் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதனாலேயே நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறோமா? பழைய பிலிம் சுருள்களையும் சிலைடுகளையும் வைத்திருப்பதா, எறிந்துவிடுவதா என்று ஆராயப் புகும்போது இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

குமரி மாவட்டத்தின் பங்கு இல்லங்களிலும் கன்னியர் மடங்களிலும் குடும்பங்களின் அலமாரிகளிலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. மறைக்கல்விக்காக வெள்ளைத் துணியில் காட்டிய சிலைடுகள், தேர்பவனி, முதல் நற்கருணை, கரையேறும் கட்டுமரம் என நம் மக்களின் வாழ்வே அவற்றுள் அடங்கியிருக்கிறது. ஆனால் இரு பருவமழையும் பெய்யும் மண் நம்முடையது. பிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் கண்டால் பூஞ்சணம் அதனை உண்ணும். அசிட்டேட்டால் ஆன அடிப்படலமோ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடிபோல் நெடி வீசும். அவ்வாறு நெடி வீசுவதை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். அதன் ஆவி அடுத்ததையும் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த சிலைடை நீரால் துடைத்தால் படமே கரைந்து வந்துவிடும். ஓட்டுக்கூரையின் கீழுள்ள மச்சில் வைக்காமல், குளிர்ந்த அறையில் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வைப்பதே நன்று.

கழுவாமலே விட்ட சுருள்களும் சில வீடுகளில் உண்டு. உதகையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தந்த அரசு ஆலை மூடப்பட்டுவிட்டது. கோடாக்குரோம் பிலிமைக் கழுவிவந்த உலகின் கடைசிக் கூடம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருந்தது. அதுவும் 2010 டிசம்பர் 30க்குப் பின் சுருள்களை ஏற்கவில்லை. இனி அச்சுருள்களில் கறுப்பு வெள்ளை உருவத்தை மட்டுமே ஓரளவு மீட்கலாம். தாமதத்துக்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

ஆயினும் நம்மை உறுத்துவது வேறொன்று. கழுவிய கோடாக்குரோம் இருளில் முறையாக வைக்கப்பட்டால் பல்லாண்டுகள் நிறம் குன்றாது நிற்கும். அதில் இருப்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய பாட்டிக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. படத்தைக் காக்கப் பொருள் செலவிடும் நாம், அவரோடு அமர ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதில்லை.

புனித தேவசகாயத்தை எண்ணிப் பார்ப்போம். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு நிழற்படம் ஏது? ஓவியர் தீட்டிய உருவங்களே உள்ளன. ஆனால் அவர் பெயரும், பிறந்த நட்டாலமும், கோட்டாற்றுக் கல்லறையும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நினைவில் நின்றன. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது இம்மண்ணில் எவருக்கும் அவரை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. நம் பெட்டிகளிலோ முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மேலமணக்குடியிலும் வீடுகளோடு சுவர்ப்படங்களையும் கடல் கொண்டுபோயிற்று. அத்தகைய குடும்பம் ஒன்றுக்கு, வேறெங்கோ கிடக்கும் முதல் நற்கருணைச் சிலைடே இழந்த பிள்ளையின் ஒரே முகமாக இருக்கக்கூடும். ஜப்பானில் 2011 ஆழிப்பேரலைக்குப் பின் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து மீட்ட படங்களைத் தூய்மையாக்கி, உரியவர்கள் அடையாளம் காணும்படி பரப்பி வைத்தார்கள். படத்துக்கு உரியவர் யார்? பெட்டியை வைத்திருப்பவரா, படத்தில் நிற்பவரா? சட்டம் எதைச் சொன்னாலும், படத்தில் நிற்பவருக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

அப்படியாயின் எல்லாவற்றையும் காக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே தேரை முப்பது முறை எடுத்த படங்களும், மங்கிய மலைக்காட்சிகளும் போகட்டும். பெயர் தெரியாத முகத்தை மட்டும், எவரிடமும் காட்டாமல் எறிய நமக்கு உரிமையில்லை. புரொஜெக்டரின் ஒளியில் நெடுநேரம் நிறுத்தினால் கோடாக்குரோம் வெளிறும். ஆகவே நகலெடுத்துக் கணினித் திரையில் காட்டுவது மேல். ஞாயிறு திருப்பலிக்குப் பின் முதியவர்கள் சற்றுநேரம் அமர்ந்தாலே போதும். அவர்கள் சொல்லச் சொல்ல, சிலைடின் அட்டைச் சட்டத்தில் பென்சிலால் எழுதலாம்: ஊர், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள். ஒரே முகத்துக்கு இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வைக்கலாம்.