டாக்டர் வி-யின் விரல்கள்



முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலை நேரம்தான் கொடுமை. கண் விழித்ததும் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. சட்டைப் பொத்தானைப் போடவும், காபி டம்ளரைப் பிடிக்கவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வெயில் ஏற ஏற விரல்கள் கொஞ்சம் இளகும். மறுநாள் விடிந்தால் பழையபடிதான். இந்த நோயோடு வாழ்கிறவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், நான் சொல்வதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

அப்படி முறுக்கிக்கொண்ட விரல்களால் ஒருவர் கத்தி பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அவர்தான் மதுரையில் எல்லாரும் ‘டாக்டர் வி’ என்று அழைத்த கோவிந்தப்ப வெங்கடசாமி.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த உறவுக்காரப் பெண்கள் அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்தார். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதை நெருங்கும்போது முடக்குவாதம் தாக்கியது. மூட்டெல்லாம் வீங்கி, மாதக்கணக்கில் படுக்கை. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. 1948-ல் ராணுவ வேலையும் போயிற்று.

அந்தப் படுக்கையில் அவர் சிரித்த முகத்தோடு கிடந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், “கவலையை விடுங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு வருவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவருக்கு எல்லாம் சரியாகவில்லை. கடைசிவரை அந்த விரல்கள் நேராகவே இல்லை. பிரசவம் பார்க்க நெடுநேரம் நிற்க வேண்டும், கையில் வலுவும் வேண்டும். அந்தக் கனவை அவர் விட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆனால் “இந்தக் கை ஏன் இப்படி ஆயிற்று?” என்ற கேள்வியிலேயே அவர் தங்கிவிடவில்லை. “இந்தக் கையால் இன்னும் என்ன முடியும்?” என்று பார்த்தார். கண் மருத்துவம் படிக்கப் போனார். நினைத்துப் பாருங்கள்: கண் அறுவைச் சிகிச்சையில் ஒரு மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும். எழுதுகோல் நிற்காத விரல்களுக்கு இப்படியொரு வேலையா என்று யாருக்கும் தோன்றும். தம் விரல் வளைந்திருந்த விதத்துக்கு ஏற்ப அறுவைக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் பொறுமையாகப் பழகினார். வலியும் கூடவே இருந்தது. பிறகு, ஒரே நாளில் நூறு பேருக்குக்கூடக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்குக் கை தேர்ந்தது.

நல்ல மனநிலை என்று நான் மதிப்பது இதைத்தான். இருக்கிற குறையை இல்லை என்று சொல்லாமல், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குகிற மனம்.

அரசுப் பணியில் கண் மருத்துவராக இருந்தவர், 1976-ல், 58 வயதில், ஓய்வு பெற்றார். அதே ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன் நின்றவர்கள் அவருடைய தம்பி தங்கைகள், அவர்கள் வீட்டு மருத்துவர்கள். கண்புரையால் பார்வை போனால், கூலி வேலை செய்கிறவருக்குப் பிழைப்பே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், ஊர் ஊராக முகாம் போட்டுத் தேடிப்போனார்கள். வசதி உள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் சிகிச்சை நடந்தது.

அங்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஏழைகளுக்கு அதன் விலை எட்டவில்லை. லென்ஸ் வைக்காவிட்டால், அறுவைக்குப் பிறகு சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியைக் காலமெல்லாம் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். விலை குறையட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 1992-ல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ என்று ஆலை தொடங்கி, லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. மதுரையில் செய்த அந்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.