நிழல் உரு இல்லாதவர்கள்

பத்தாம் வகுப்புக்குச் சார்புகள் நடத்துவது எனக்குப் பிடித்த வேலை. உள்ளே போகக்கூடியவை எல்லாம் மதிப்பகம். வெளியே வந்து சேர்பவை வீச்சகம். நடுவில் ஒரு விதி. மதிப்பகத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் உரு இருந்தாக வேண்டும். ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த ‘நிழல் உரு’ என்ற சொல்லை யார் கொண்டுவந்தார்களோ, நல்ல காது உள்ள ஆள்.

உதாரணத்துக்குக் கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வேன். 2016-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. அந்தக் கணக்கில் 20 யூனிட் எரித்தாலும் பூஜ்யம், 90 எரித்தாலும் பூஜ்யம். “அப்போ அவங்களுக்குப் பதிலே இல்லையா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லைம்மா, பூஜ்யமும் ஒரு பதில்தான். மைனஸ் 5 யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் இல்லை. அது மதிப்பகத்திலேயே கிடையாது, விட்டுத்தள்ளு என்றேன்.

அந்த ‘விட்டுத்தள்ளு’ பெரியம்மாவோடு ரேஷன் கடைக்குப் போன அன்று நினைவுக்கு வந்தது. அம்பாசமுத்திரம் பக்கம், நாற்பது வருஷம் பீடி சுற்றிய கை. விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். மிஷினில் வைத்தாள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

“ரேகை விழமாட்டேங்கு ஆச்சி.”

“ஏன்டே, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் கல்யாணத்துக்கு மொய் எழுதுனவ.”

“எனக்குத் தெரியும். மிஷினுக்குல்லா தெரியணும்.”

போனுக்கு ஓடிபி வரும் என்றான். அந்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடையது. அவன் ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை.

அவளுக்கு அரிசி கிடையாது என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். சொல்லியிருந்தால் சண்டை போடலாம், மனு எழுதலாம். ‘கிடையாது’ என்பது பூஜ்யம். பில்லில் அச்சாகி வரும். இவளுக்கு வந்தது பதிலே இல்லாத நிலை. அதை எந்த ஆபீசில் கொண்டுபோய்க் காட்டுவது?

உடனே மிஷினைத் திட்டிவிடவும் முடியவில்லை. பழைய நோட்டுக் காலத்தை நான் மறக்கவில்லை. முகம் பார்த்துக் கொடுத்த காலம் அது. கடைக்காரருக்கு வேண்டியவருக்கு ஒரு அளவு, வேண்டாதவருக்கு “ஸ்டாக் இல்ல, நாளைக்கு வா”. வாங்காத சீனியை வாங்கியதாக எழுதி வெளியே விற்றவர்களும் உண்டு. ஒரே கார்டுக்கு ஆளைப் பொறுத்து, தெருவைப் பொறுத்து வெவ்வேறு நிழல் உரு. கணக்குப்படி அது சார்பே இல்லை. ஒரு உள்ளீட்டுக்கு ஒரே பதில் என்ற நிபந்தனையில் ஒரு நியாயம் இருக்கிறது. மிஷின் அதைக் காப்பாற்றுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நிபந்தனை இரண்டு அல்லவா? 1/(x – 3) என்று எழுதிவிட்டு, மதிப்பகம் எல்லா மெய்யெண்களும் என்று ஒரு பையன் போட்டால் மார்க்கைக் குறைக்கிறேன். 3-க்கு என்ன செய்வாய் என்று கேட்கிறேன். அவனுக்கு இரண்டு வழி உண்டு. 3-ஐ வெளியே தள்ளிவிட்டேன் என்று வெளிப்படையாக எழுதலாம். அல்லது 3-க்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்து, அங்கே இன்ன மதிப்பு என்று சொல்லலாம். எல்லோருக்கும் என்று அறிவித்துவிட்டு மூன்றைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும் ஆகாது. கார்டு உள்ள எல்லோருக்கும் என்பது விதி. ரேகை உள்ள எல்லோருக்கும் என்பது மிஷின். இந்த இரண்டும் வேறு வேறு மதிப்பகம் என்று கடைச் சுவரில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தனி வரி சேர்த்தால் அதன் வழியாகத் திருட்டு நுழையும் என்பார்கள். நுழையலாம். அதைக் கண்காணிக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. இப்போது அதைப் பெரியம்மாதான் ஏற்கிறாள், பாதி நாள் வரிசையில் நின்று. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் கையில் அந்த வரி கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அன்று பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கடைசியில் இடது கை மோதிர விரல் விழுந்தது. அரிசி வந்தது. இப்போதெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஒரு விரலை மட்டும் சபீனா படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.