கை எட்டும் தூரம்

மனிதனுக்கு இரண்டு கண்கள் உண்டு. ஆனால் இரண்டு தூரங்களை ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்கும் ஆற்றல் அவனுக்கு இல்லை. இந்தச் சிறிய உண்மை இளமையில் நமக்குத் தெரிவதில்லை. கையிலுள்ள கடிதத்தைப் படித்துக்கொண்டே நிமிர்ந்து, தெருக்கோடியில் வருகிறவர் இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை நொடிப்பொழுதில் தடித்தும் மெலிந்தும் நமக்குப் பணிவிடை செய்கிறது. அதன் உழைப்பு நமக்குத் தெரியாததால், அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம்.

நாற்பதைத் தாண்டியதும் அந்த வில்லை விறைத்துப் போகிறது. புத்தகத்தைப் பிடித்த கை தானாக நீளத் தொடங்குகிறது. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்கிறோம். சாளேசுரம் என்பார்கள் அந்தக் காலத்துப் பெரியவர்கள். உண்மையில் புதிதாக ஒரு குறை வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதைத் தெளிவாகப் பார்ப்பது என்று நாம் கணந்தோறும் தேர்ந்தெடுத்துக்கொண்டேதான் இருந்தோம். அந்தத் தேர்வு இனி இலவசமாக நடக்காது; அவ்வளவுதான் செய்தி.

இந்தத் தொல்லைக்கு ஒரு சமாதானம் கண்டவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளின் புகழ்பெற்றவர். 1785-ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் தம்முடைய இரட்டைக் கண்ணாடியைப் பற்றி மகிழ்ச்சியோடு சொல்கிறார். மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. விருந்து மேஜையில் தட்டிலிருக்கும் பண்டமும் தெரிகிறது. எதிரே பேசுகிறவரின் முகமும் தெரிகிறது. முகபாவம் தெரிவதால் பிரெஞ்சு மொழிகூட அவருக்கு நன்றாக விளங்கியதாம்! இன்று பைஃபோகல் கண்ணாடி என்று நாம் மூக்கில் சுமப்பது அதன் வாரிசைத்தான்.

நானும் அதைச் சுமப்பவன். அதனால்தான், பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் கைத்துப்பாக்கியால் குறி சுடப் பழகிவரும் என் நண்பர் ஒருவர், இந்தக் கண்ணாடியைப் பற்றிச் சலித்துக்கொண்டபோது காது கொடுத்துக் கேட்டேன்.

"மேல் பாதியில் பார்த்தால் பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள அட்டை பளிச்சென்று தெரிகிறது, கையில் உள்ள துப்பாக்கி புகையாகத் தெரிகிறது. சரி என்று மோவாயைத் தூக்கிக் கீழ்ப் பாதியில் பார்த்தால், அது புத்தகம் படிக்கிற தூரத்துக்காகச் செய்தது. துப்பாக்கி முனை அதற்கு எட்டாது. கழுத்து வலிதான் மிச்சம்" என்றார்.

"அட்டைதானே ஸார் முக்கியம்? அது பளிச்சென்று தெரிந்தால் போதாதா? துரோணர் கேட்டபோது அர்ஜுனனுக்குப் பறவையின் தலை ஒன்றுதானே தெரிந்தது?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "அர்ஜுனன் இங்கே வந்தால் தோற்றுப் போவான்" என்றார்.

விளையாட்டாகச் சொன்ன பேச்சல்ல அது. கைத்துப்பாக்கியின் முன் முனையில் சிறு தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. பின்புறம் நடுவில் பிளவுபட்ட இன்னொரு தகடு இருக்கிறது. பின் தகட்டின் பிளவுக்குள், முன் தகடு இரு பக்கமும் சம வெளிச்சம் விட்டு நடுவில் நிற்க வேண்டும். இரண்டின் உச்சியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பின் தகடு, முன் தகடு, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. மூன்றையும் கண் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்காது. எதைத் தெளிவாகப் பார்ப்பது? முன் தகட்டை என்கிறார்கள் கற்றுக்கொடுப்பவர்கள். இலக்கு மங்கலாகவே இருக்கட்டுமாம்!

காரணம் கணக்கில் இருக்கிறது. கை அப்படியே நேராக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் இரண்டு தகடுகளின் பொருத்தம் கெட்டுவிட்டால் கதையே வேறு. இரண்டுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முன் தகடு பிளவுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். பத்துப் புள்ளி பெறும் நடு வட்டத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர்தான். தூரத்திலுள்ள கறுப்பு வட்டம் மங்கினால் நஷ்டம் சொற்பம். கையிலுள்ள தகடு மங்கினால் நஷ்டம் இருபத்தெட்டு மடங்கு.

அந்த முன் தகடு கண்ணிலிருந்து எவ்வளவு தூரம்? நீட்டிய கையும் துப்பாக்கியின் நீளமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கஜம். படிக்கிற தூரமும் அல்ல, பார்க்கிற தூரமும் அல்ல. பிராங்க்ளினின் மேஜையில் அந்த இடத்துக்கு வேலையே இல்லை. உண்பவனுக்குத் தட்டு வேண்டும். கேட்பவனுக்கு எதிராளியின் முகம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கை எட்டும் தூரத்தில், ஒரு காரியத்தைச் செய்கிறவனுக்கு அந்தக் கண்ணாடியில் இடமில்லை.

பரிகாரம் எளிதுதான். துப்பாக்கியைப் பிடிக்கும் நிலையில் கண்ணுக்கும் முன் தகட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்துகொண்டு கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். (துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார்.) தூரப் பார்வைக்குரிய எண்ணோடு அரை அல்லது முக்கால் டயாப்டர் கூட்டி, கோடு இல்லாத ஒற்றைக் கண்ணாடியாகச் செய்துகொண்டால் முன் தகடு துலங்கும்; இலக்கும் அடியோடு மறைந்துவிடாது. கண்ணாடிக்கு முன்னே சிறு துளையுள்ள தகடு ஒன்றைப் பொருத்தினாலும் பலன் உண்டு. துளை சிறுக்கச் சிறுக்கத் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். குறி பார்க்காத கண்ணை இறுக மூடாமல், அதற்கு முன் மங்கலான மறைப்பு ஒன்றை வைத்துக்கொண்டால் முகத்தசைகள் களைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் கழுத்தை ஒவ்வொரு மாதிரி சாய்க்கிறவனுக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது.

கண்ணாடிக் கடை விஷயம் இதோடு முடிந்தது. என் மனத்தில் விழுந்த கேள்வி முடியவில்லை. உயர்ந்த குறிக்கோளின் மேல் வைத்த கண்ணை எடுக்காதே என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குறிக்கோள் தெளிவாக இருந்தால் கை தானே நேராகும் என்பது அதன் உட்கருத்து. அது உண்மைதானா?

எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது ஒரு தகப்பனுடைய குறிக்கோள். அதில் என்ன பிழை? அந்த நல்ல எண்ணத்தோடுதான் அவர் ஒரு நாள் அலுவலகத்தில் மேஜைக்கடியில் நீண்ட ஒரு கவரை வாங்கிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் அவர் கண்ணுக்குக் கல்யாணப் பந்தல் தெளிவாகத் தெரிகிறது. கவரைப் பிடித்திருக்கும் தம்முடைய கை மங்கலாகத் தெரிகிறது. மகன் டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் இன்னொருவருக்கு, பத்து வருஷத்துக்கு அப்பால் தொங்கப்போகும் பெயர்ப் பலகையின் எழுத்துக்கள்கூடத் தெரிகின்றன. எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிற பையனின் முகம் தெரியவில்லை. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். இலக்கைப் பார்த்துக்கொண்டே விசையை இழுத்தவர்கள். ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியது போய்ச் சேரும் இடத்தில் எத்தனை மடங்காகும் என்று எண்ணிப் பாராதவர்கள்.

காந்தியடிகள் 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில், வழியை விதைக்கும் முடிவை மரத்துக்கும் ஒப்பிட்டார். அவர் சொன்னதும் இந்தக் கணக்குத்தான். 1948 ஜனவரி 30 அன்று அவர் உயிரைக் குடித்ததும் ஒரு கைத்துப்பாக்கியே என்பதை நினைக்கும்போது, இந்த உவமையைக் கையாளவே மனம் கூசுகிறது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அன்று எதிரே நின்று சுட்டவனுக்குக் குறி பார்க்க வேண்டிய தூரம்கூட இருக்கவில்லை. தன் கொள்கை என்னும் இலக்கு அவனுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. வணக்கத்துக்காகக் கைகூப்பி வந்த ஒரு முதியவரின் முன் தன் கை என்ன செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. இலக்கு மட்டுமே தெரிகிற கண்ணைப் போல் ஆபத்தானது உலகத்தில் வேறொன்றுமில்லை.

இங்கே வாசகர்களில் ஒருவர் குறுக்கிடலாம். "கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? மேலதிகாரி இட்ட அநியாயமான உத்தரவை ஓர் எழுத்துப் பிழையில்லாமல் நிறைவேற்றுகிற குமாஸ்தாவும் தன் கையைத்தானே பார்க்கிறான்? அவன் யோக்கியனா?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்தக் குமாஸ்தா யோக்கியன் அல்லன். சுத்தமாகச் செய்யப்பட்ட தவறு, தவறாகவே இருக்கிறது. போட்டிகளில்கூடச் சில வேளைகளில் ஒருவர் அருமையாகச் சுட்டிருப்பார்; பார்த்தால் குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் பாய்ந்திருக்கும். எவ்வளவு நேர்த்தியான சூடாயினும் அது அவர் கணக்கில் சேராது.

ஆகவே இதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் இலக்கைப் பார்க்க வேண்டும். இது என்னுடையதுதானா, இதைச் சுடத்தான் வேண்டுமா, இதற்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டுத் தெளிய வேண்டும். அந்தக் கேள்விக்குரிய நேரம் கையை உயர்த்துவதற்கு முன்பு. உயர்த்தியபின் பார்வையைப் பின்னுக்கு இழுத்துக் கை எட்டும் தூரத்தில் நிறுத்த வேண்டும். அப்போது இலக்கு மங்குகிறது, ஆனால் மறையவில்லை. மங்கலாக இருப்பது வேறு, மறந்துபோவது வேறு. குமாஸ்தா மறந்தவன், தகப்பனார் கையை மங்கவிட்டவர். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே மருந்து அல்ல.

இன்னொன்றையும் குறி சுடுகிறவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பத்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் அறுபது சூடுகளுக்கு எழுபத்தைந்து நிமிஷம் தருகிறார்கள். உயர்த்திய கை சில விநாடிகளுக்குள் நிலைக்கவில்லை என்றால், தேர்ந்தவர்கள் சுடாமல் இறக்கிவிடுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உயர்த்துவார்கள். புதியவர்களுக்கு அது வெட்கமாக இருக்கிறதாம். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று நினைத்து, தெரிந்தே கோணலாகச் சுட்டுவிடுகிறார்களாம். தொடங்கிவிட்டோமே என்பதற்காகவே தவறான காரியத்தை முடித்து வைத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! கையை இறக்கும் துணிவு, விசையை இழுக்கும் துணிவுக்குக் குறைந்ததல்ல.

வயதானவர்கள் இதையெல்லாம் கேட்டுப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், பத்து மீட்டர் கைத்துப்பாக்கிக் கலப்பு இரட்டையர் போட்டியில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் நம் நாட்டுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள். அதே போட்டியில் வெள்ளி பெற்ற துருக்கி ஜோடியில் ஒருவர் யூசுப் திகெச். வயது 51. விசேஷக் கருவிகள் எதுவும் இல்லாமல், நாம் கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகிறது போன்ற ஒரு மூக்குக்கண்ணாடியுடன், இரண்டு கண்களையும் திறந்தபடி, ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்று சுட்டார். உத்தரப் பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தில் சந்த்ரோ தோமர் என்ற மூதாட்டி, பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனவர், 1999-ல் தாமும் கைத்துப்பாக்கியை எடுத்தார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 2021-ல் அவர் மறைந்தபோது நாடே அவரை அறிந்திருந்தது.

முதுமைக்கு இதில் ஒரு சௌகரியம்கூட உண்டு என்பது என் எண்ணம். இளைஞனின் கண் இலக்குக்கும் கைக்குமாக ஓடி ஓடி, இரண்டையும் பார்த்துவிட்டதாக அவனை நம்ப வைக்கிறது. வெள்ளெழுத்து விழுந்தவனுக்கு அந்த மயக்கம் இல்லை. ஒன்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் இன்னொன்றை மங்கவிட வேண்டும் என்பது அவனுக்குத் தினமும் தெரிகிறது. எதை மங்கவிடுவது என்று அவன் யோசித்தே தீர வேண்டும்.

நம் மூக்கின் மேலுள்ள கண்ணாடியில் எதிர்காலத்துக்கு ஒரு பாதி இருக்கிறது. ஐந்தொகைப் புத்தகத்துக்கு ஒரு பாதி இருக்கிறது. நடுவிலுள்ள ஒரு கஜ தூரத்தில்தான் நாம் பிறருக்கு நன்மையோ தீமையோ செய்கிறோம். குழந்தையின் தலையை வருடுவதும், கவரை வாங்குவதும், கையெழுத்துப் போடுவதும் அங்கேதான். அந்த இடத்தைத் துலக்கிக் காட்டும் கண்ணாடி கடையில் கிடைக்கும் என்று சொன்னேன், அது துப்பாக்கிக்கு. மற்றக் காரியங்களுக்கு, ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தும்போது, பார்வையை நாமேதான் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.