யாருடைய பங்கில் சிக்கனம்?

வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதவரை கேடில்லை என்று திருவள்ளுவர் கூறியதைப் பலரும் அறிவர். ஆனால் அவர் அதனை எந்த அதிகாரத்திலே வைத்தார் என்பது பலருக்கு நினைவிராது. அரசன் தன் பலத்தை அளந்தறிய வேண்டும் என்று கூறும் ‘வலியறிதல்’ அதிகாரத்திலேயே அது உள்ளது. குடும்பத்தின் வரவு செலவை அறிவதும் வலியறிதலே.

2022ஆம் ஆண்டில் இலங்கையின் ஒவ்வொரு குடும்பமும் தன் வலியை அளந்து பார்க்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. தோட்டத்துக்கு நீர் இறைப்பதும் கடலுக்குப் படகு போவதும் அந்த எண்ணெயிலேதான்.

வீடுகளிலே செலவு குறைந்தது உண்மை. எவருடைய பங்கிலே குறைந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளைகளின் பால்மாவும் முட்டையும் முதலில் நின்றன. தகப்பனின் வெற்றிலையும் சுருட்டும் பல வீடுகளில் நிற்கவில்லை. தாயோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்று சட்டியை வழித்து உண்டாள். கணக்குக் கொப்பியிலே இது மிச்சம் என்றுதான் தெரியும். உண்மையில் அது அவளிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத கைமாற்று.

குறைக்க முடியாத கட்டம் வந்தால் மேல்வருமானம் தேடத்தான் வேண்டும். 2022 யூனில் அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தார்கள் என்பது வேறு கதை! ஆயினும் கந்தோர் உத்தியோகத்தர் கத்தரி நட்டு விற்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் அன்று சற்றே ஆட்டங் கண்டது. புழுக்கொடியல் காயவைத்தும், மிளகாய்த்தூள் திரித்தும், கோழி வளர்த்தும் பெண்கள் குடும்பத்தைத் தாங்கினர். நாள்வட்டிக்குக் காசு கொடுத்தவரும் தம் வரவை மேல்வருமானம் என்றே சொல்லிக்கொண்டார். முட்டை விற்றவளுக்குக் காசு வந்தது அயல்வீட்டுப் பிள்ளை முட்டை தின்றதனால். வட்டிக்காரருக்குக் காசு வந்தது அந்தப் பிள்ளை தின்னாமல் விட்டதனால். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தகுமா?

இத்தனை நெருக்கடியிலும் எவரும் கைவைக்கத் துணியாத செலவு ஒன்று உண்டு. அது திருவிழா உபயம். மற்ற உபயகாரருக்குக் குறையாமல் மேளமும் சோடனையும் வேண்டுமென்று தாலிக்கொடியை அடைவு வைத்தவர்கள் உளர். கேட்டால், குங்குலியக்கலய நாயனாரைச் சுட்டிக் காட்டுவார்கள். பட்டினி கிடந்த வீட்டிலே மனைவியார் நெல் வாங்கும்படி கொடுத்த தாலியை அவர் குங்குலியத்துக்குக் கொடுத்தது மெய்யே. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. திருக்கடவூர்ப் பெருமான் முதலில் செய்தது அந்த வீட்டை நெல்லாலும் பொன்னாலும் நிறைத்ததே. பின்னரே அடியவரிடம், பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ப் பாலடிசில் உண் என்று பணித்தார். அடுப்பு எரியாத வீட்டை இறைவன் மறந்திருக்கவில்லை. தவிரவும், நாயனார் பக்கத்து உபயகாரரைப் பார்த்துக் குங்குலியம் வாங்கியவருமல்லர்.

இதிலே உபயகாரரை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது. பெரிய உபயத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய உபயத்துக்குச் சிறிய எழுத்தும் இட்டு விஞ்ஞாபனம் அச்சிடுவோர் பரிபாலன சபையார். ஒரு போத்தல் விளக்கெண்ணெயும் ஒரு மாலையும் தருபவரின் பெயரையும் அதே அளவு எழுத்திலே போடுவதற்கு அச்சகத்தார் மேலதிகக் காசு கேட்பதில்லை.