பழைய வண்டியும் பற்றற்ற மனமும்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் அநித்தியத்தைக் குறித்து நாம் பேசி முடித்ததும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, தோன்றியவை யாவும் தேய்ந்து மறையும் என்று ஒரு மணி நேரம் எங்களுக்குப் போதித்தீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கள் பழைய காரின் அடியில் படுத்துக்கொண்டு, அது தேய்ந்து போகாமலிருக்கத் தாங்களே பாடுபடுகிறீர்கள். பற்றை விடுக என்று சொல்லுகிறவர் ஒரு பழைய இரும்பைப் பற்றிக்கொண்டிருப்பது முறைதானா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஏதோ ஒரு விடையும் சொன்னோம். ஆயினும் அவ்வினா வீடு வரை நம்மோடு வந்தது. அன்று நாம் சொன்னது அரைகுறை விடை. முழு விடையை எழுத்தில் தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். அது 1998-ஆம் ஆண்டில் பதிவான ஒரு மாருதி 800. 1983 டிசம்பரில் முதன்முதலாகச் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற அந்தச் சிறு கார், இந்நாட்டில் எத்தனையோ எளிய குடும்பங்களுக்கு முதல் காராக இருந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். பெங்களூரில் நாம் உழைத்த நூற்பாலை மூடப்பட்ட பின்னர், கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கைக் கொண்டு 2006-இல் அதை இரண்டாம் கையாக வாங்கினோம். அக்காலத்தில் அது நமக்குத் தேவையாகவே இருந்தது. இரவில் ஓர் இழவு வீட்டுக்கும், விடியலில் ஒரு மணவீட்டுக்கும், தங்கவயல் வரையிலும் அதற்கப்பாலும் அது நம்மைச் சுமந்து சென்றது. இன்று நிலைமை வேறு. பேருந்து உண்டு, ரயில் உண்டு, நகருக்குள் 2011 முதல் மெட்ரோவும் உண்டு. கூட்டத்துக்கு அழைக்கும் அன்பர்களே வண்டி அனுப்புகிறார்கள். ஆகவே, இன்று அக்காரை நாம் வைத்திருப்பது தேவையினால் என்று சொன்னால் அது பொய்யாகும். விருப்பத்தினால் வைத்திருக்கிறோம். இதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே பேசத் தகும்.

இந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? ஆலையிலிருந்தே வந்தது. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது ரிங் ஃபிரேம் பகுதியில் எண்ணெய் விடும் வேலை கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒரே சீராகச் சுழலும் அவ்விடத்தில், எங்கோ ஒன்று காய்ந்துபோனால் அதன் ஓசை மாறும். நம் மேஸ்திரி எழுத்தறியாதவர். அவர் முதல் நாளே சொன்னார்: "மிஷின் கத்தின பிறகு எண்ணெய் விடுறவன் ஆயிலர் இல்லடா, கத்துறதுக்கு முந்தி விடுறவன்தான் ஆயிலர்." பின்னாளில் சம்மா வாயாமத்தை, அதாவது நல்முயற்சியைப் படித்தபோது, தோன்றாத தீமையைத் தோன்றாமலே தடுப்பது அதன் முதற் கூறு என்று கண்டோம். அந்த மேஸ்திரியின் முகம் அப்போது நம் நினைவுக்கு வந்தது.

பழைய காரைப் பேணுதலும் இத்தகைய தொழிலே. டைமிங் பெல்ட் அறுந்த பின் வருந்துவதைவிட, உரிய கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரில் நீர் குறைந்து எஞ்சின் கொதித்துவிட்டால் கேஸ்கெட் போய்விடும். ஆதலால் காலையில் ஒரு நிமிடம் மூடியைத் திறந்து பார்த்தல் நன்று. மழைக்குப் பின் காலடி விரிப்பைத் தூக்கித் தரையை உலர்த்தாவிட்டால், நாம் காணாத இடத்தில் துரு தின்னத் தொடங்கும். கார்புரேட்டரின் ஜெட் துளை மயிரளவே இருக்கும். டாங்கியிலிருந்து வரும் துருத்தூள் அதில் அடைத்துக்கொண்டால் வண்டி இருமி இருமி நின்றுவிடும். அவசரக்காரன் அதில் கம்பியை விட்டுக் குத்துவான்; துளை பெரிதாகிப் பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும். பொறுமையுள்ளவன் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக் காற்றால் ஊதுவான். இவற்றையெல்லாம் செய்யும்போது மனம் வேறெங்கும் போவதில்லை. போனால் ஒரு வாஷர் கீழே விழுந்து காணாமற் போகும். அதுவே உடனடித் தண்டனை.

ஆனால், கவனம் உண்டாகிறது என்பதனாலேயே ஒரு செயல் நல்லதாகிவிடாது. மீனுக்குத் தூண்டில் போடுகிறவனுக்கும் கவனம் உண்டு. ஆகையால் வினா அப்படியே நிற்கிறது: இது பேணுதலா, பற்றா?

நாகசேனத் தேரர் மிலிந்த மன்னனிடம் நடத்திய விசாரணையை நீங்கள் அறிவீர்கள். தேரில் வந்த மன்னனை அவர் வினவினார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா? எதுவும் அன்று. எல்லாம் சேர்ந்த சேர்க்கைக்கு வழங்கும் ஒரு பெயரே தேர் என்று மன்னன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். இந்த உண்மையை ஏட்டில் படிப்பது ஒன்று. கையில் கரி படியக் காண்பது மற்றொன்று. இத்தனை ஆண்டுகளில் கிளட்சை மாற்றினோம். ரேடியேட்டரை மாற்றினோம். கார்புரேட்டர் சிவாஜி நகர்ப் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. ஒரு பக்கத்துக் கதவு விபத்தில் நொறுங்கிய வேறொரு காரினது. டயர்களும் பிரேக் லைனிங்குகளும் எத்தனை முறை மாறினவோ கணக்கில்லை. அவ்வாறாயின், 2006-இல் நாம் வாங்கிய கார் எங்கே? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணில் இருக்கிறது. அந்த எண் ஒரு வழக்கு, ஒரு பெயர். பழைய வண்டியை உண்மையாகப் பேணுகிறவன் அநித்தியத்தை மறக்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் அது அவன் உள்ளங்கையில் துருவாக உதிர்கிறது. பளபளக்கும் புதிய காரை வாங்கி மூன்றாண்டில் விற்றுவிட்டு மற்றொன்று வாங்குகிறவனே முதுமையைக் காண மறுக்கிறவன்.

பகவன் தம் இறுதி ஆண்டில், வைசாலிக்கு அருகிலுள்ள பேலுவ கிராமத்தில் கடும் நோயுற்றுத் தேறிய பின்னர், ஆனந்தரிடம் தம் உடலைப் பற்றிப் பேசினார். எண்பது வயதான தம் உடலை வாரால் இறுகக் கட்டி ஓட்டப்படும் ஒரு பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். எல்லாவற்றையும் துறந்த ஒருவர் அவ்வண்டியை வீதியில் எறிந்துவிடவில்லை என்பதை நோக்குங்கள். நோயை மனத்திண்மையால் தாங்கி, செய்ய வேண்டிய பணி முடியும் வரை அதைக் கட்டி ஓட்டினார். காலம் வந்தபோது, கட்டை அவிழ்க்க மறுக்கவும் இல்லை. பேணுதலும் பற்றின்மையும் ஓரிடத்தில் கூடி நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, நம்மவர்க்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி என்பது நமக்கு வெறும் இரும்பன்று. 1901-ஆம் ஆண்டில் சிறுவர் பீமராவ், தம் தமையனோடும் பிற சிறுவர்களோடும், தந்தையாரைக் காண மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவர்கள் மகார் குலத்தார் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்தால் வண்டியைத் தருவதாகவும், சிறுவர்களே அதை ஓட்ட வேண்டும், தாம் நடந்தே வருவதாகவும் ஒருவர் கடைசியாக ஒப்புக்கொண்டார். இதை அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் தம் கைப்பட எழுதி வைத்தார். அத்தகைய வரலாறு உடையவர்களின் தெருவில் ஒருவன் தன் சொந்தக் காரை நிறுத்தும்போது அவன் நெஞ்சு நிமிர்வது இயல்பு. 2006-இல் நம் நெஞ்சும் நிமிர்ந்தது. அதில் குற்றம் காணோம். ஆனால் தன்மானம் எந்த இடத்தில் தற்பெருமையாக மாறுகிறது என்பதை அறிவது கடினம். நாம் அதை மிகக் கசப்பான முறையில் அறிந்தோம்.

2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாள் மீது பரப்பி வைத்திருந்தோம். ஒரு சிறுவன் ஓடி வந்தான். "ஐயா, தாத்தாவுக்கு மூச்சு வாங்குது. உங்களைக் கூட்டிவரச் சொன்னாரு" என்றான். அந்தத் தாத்தா நம்மோடு ஒரே ஷிஃப்டில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்தவர். நம்மிடமே திரிசரணம் ஏற்றவர். "அரை மணியில் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், போ தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அரை மணி ஒரு மணியாயிற்று. ஒரு திருகு சேரவில்லை, மீண்டும் கழற்றினோம். இறுதியில் வண்டி ஓடிற்று. ஆனால் நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். அவர் வீடு எவ்வளவு தொலைவு என்று கேட்கிறீர்களா? நடந்தால் இருபது நிமிடம்.

அம்முதியவரின் மனைவி நம்மைக் கடியவில்லை. "ரெண்டு தடவை வாசலைப் பார்த்தாரு அண்ணா" என்று மட்டும் சொன்னார்.

கரையேறிய பின் தெப்பத்தைத் தலையில் சுமந்து செல்பவனைப் பற்றிப் பகவன் கூறிய உவமையைப் பலமுறை பிரசங்கித்தவர் நாம். அன்று நாமே அவன் ஆனோம். நடந்து போயிருக்க வேண்டிய இடத்துக்குக் காரில்தான் போக வேண்டுமென்று நினைத்தது எது? தேவையன்று, கருணையுமன்று. "நம் கை பட்டால் இது ஓடும்" என்னும் செருக்கு.

அதன்பின் ஆறு மாதம் வண்டியைத் தொடவில்லை. விற்றுவிடலாம் என்றும் எண்ணினோம். பிறகு யோசித்தோம். குற்றம் இரும்பில் இல்லை. விற்றுவிட்டால் அதே மனம் வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். பூந்தொட்டியையும் பற்றலாம், புத்தக அலமாரியையும் பற்றலாம், பிரசங்க மேடையையும் பற்றலாம். எனவே வண்டியை வைத்துக்கொண்டு, மனத்துக்குச் சில கட்டளைகளை விதித்தோம்.

உயிருள்ள ஒருவர் அழைத்தால் கையிலுள்ள ஸ்பேனரை அந்த நிமிடமே கீழே வைக்க வேண்டும். இதுவே முதலாவது கட்டளை. மற்றவை இதன் பின்னரே. அடுத்து, வண்டிக்கான செலவை வீட்டுக் கணக்கில் எழுதி நம் இல்லாளின் முன் வைக்க வேண்டும். மறைத்துச் செய்யும் செலவு இரண்டாம் சீலத்தின் எல்லையைத் தொடுகிறது. பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது. 2020 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளை நோக்க நம் வண்டி அதிகப் புகை விடுவது மெய். ஆகவே வாரம் ஒருமுறைக்கு மேல் ஓட்டுவதில்லை. புகைச் சோதனையைத் தவறவிடுவதில்லை. மற்றவற்றைப் பிற்பாடு பார்க்கலாம் என்று விட்டாலும் பிரேக்கை அப்படி விடுவதில்லை. இறுதியாக, விட வேண்டிய நாளில் விட ஆயத்தமாயிருக்க வேண்டும்.

அந்த நாள் நெடுந்தொலைவில் இல்லை. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நம் வண்டி 2013-இலும், 2018-இலும், 2023-இலும் தேறிற்று. 2028-இல் ஆய்வாளர் தகுதியில்லை என்றால் எவரிடமும் சிபாரிசுக்குப் போகமாட்டோம்; குறையை மறைத்து ஓர் ஏமாளியின் தலையில் கட்டவும் மாட்டோம். உதேன மன்னன் ஆனந்தரிடம் பழைய சீவரங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, அவை விரிப்பாகவும், பிறகு கால் துடைக்கும் துணியாகவும், கடைசியில் மண்ணோடு பிசைந்து தரை மெழுகவும் பயன்படும் என்று அவர் விளக்கினார் அல்லவா? அதுபோல் நம் வண்டியின் நல்ல உறுப்புகள் இதே காரை வைத்திருக்கும் வேறொரு ஏழைக்குப் போகட்டும்; எஞ்சியது உலைக்குப் போகட்டும்.

வினா எழுப்பிய தம்பிக்கு நாம் கூறும் முழு விடை இதுவே. ஒரு பொருளைப் பேணுகிறோமா, பற்றியிருக்கிறோமா என்பதை அப்பொருளைப் பார்த்து அறிய முடியாது. வாசலில் ஒருவர் வந்து நின்று அழைக்கும் அந்த நிமிடத்தில் நம் கையைப் பார்த்தே அறிய வேண்டும். நாம் ஒருமுறை அதில் தோற்றோம். அதனை மறைக்காமல் சொன்னது, நீங்கள் தோற்காதிருக்கவேண்டும் என்பதற்காக.

வரும் ஞாயிறு காலை அத்தம்பி வரட்டும். பின் பிரேக்கைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆள் துணை வேண்டும். எவரேனும் அழைத்தால் இருவரும் எழுந்து நடப்போம்.

சாது! சாது! சாது!