ஒத்துழைப்பும் பொறையும்

இருவர் தம்முள் கலந்து பேசாமல் ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். ஒருவர் ஒரு காசு இட்டால் மற்றவருக்கு மூன்று காசு கிடைக்கும். இருவரும் இட்டால் ஆளுக்கு இரண்டு காசு ஆதாயம். ஒருவர் மட்டும் இட்டால் அவருக்கு ஒரு காசு நட்டம். இடாதவருக்கு மூன்று காசு இலாபம். இருவரும் இடாவிடில் எவருக்கும் ஒன்றுமில்லை. நிக்கி கேஸ் என்பவர் 2017ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘நம்பிக்கையின் பரிணாமம்’ என்னும் கணினி விளையாட்டின் அடிப்படை இதுவேயாகும்.

ஒரே முறை ஆடினால் வஞ்சிப்பவனே இலாபம் அடைகிறான். அதே மனிதரை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள வேண்டுமெனில் கணக்கு மாறுகிறது. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஆக்சல்ராட் இவ்வகை ஆட்டத்திற்காகக் கணினி நிரல்களிடையே இருமுறை போட்டி நடத்தினார். இரண்டிலும் வென்றது, அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிக எளிய நிரல். முதலில் ஒத்துழைப்பது, பின்னர் எதிரி முன்முறை செய்ததையே திருப்பிச் செய்வது என்பதே அதன் முறை. தானாக முதலில் வஞ்சிப்பது அதன் இயல்பன்று.

எனினும் மனிதர் கை தவறுவதுண்டு. தவறுதலாக ஒரு முறை காசு இடாமற் போனாலும், பதிலுக்குப் பதில் என்பாரிடையே பகை ஓயாது தொடர்கிறது. அத்தகைய இடத்தில் முதல் தவற்றைப் பொறுத்து, இரண்டாவது தவற்றுக்கே பதில் தருபவர் மேலோங்குவதை நிக்கி கேஸின் விளையாட்டு காட்டுகிறது. பத்து அறங்களுள் உத்தமப் பொறையை முதலில் வைத்த நம் முன்னோரின் நோக்கு இங்கு நினைவிற்கு வருகிறது.

இனி, நாம் வாழும் செம்பாக்கத்தை எண்ணுவோம். வீடுகள் வெவ்வேறாயினும் அவற்றின் அடியில் உள்ள நிலத்தடி நீர் பொதுவானது. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால், ‘நாம் மட்டும் ஏன் சிக்கனமாக இருக்க வேண்டும்?’ என்று அண்டை வீட்டார் எண்ணுகின்றனர். சென்னைக்கு நீர் தரும் முதன்மை ஏரிகள் வறண்ட 2019ஆம் ஆண்டில் இவ்வெண்ணத்தின் விளைவை யாவரும் உணர்ந்தோம்.

இங்கே பதிலுக்குப் பதில் என்னும் முறை பொருந்தாது. மிகுதியாக நீர் இறைத்தவரைத் தண்டிப்பதாக எண்ணி நாமும் இறைத்தால், ஒரு தவறும் செய்யாத பத்து வீட்டாருடைய கிணறுகளும் வற்றும். தண்டனை குற்றவாளியை மட்டும் சென்று சேராது. ஆகவே பொறை மட்டும் போதாது. அனைவரையும் ஒரே அளவில் கட்டுப்படுத்தும் விதியும் வேண்டும். தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது அத்தகையதொரு விதி. ஆயினும் தொட்டியில் சேறு நிறைந்து கிடக்கையில், விதி ஏட்டில் மட்டுமே இருக்கிறது.

பிறர் செய்யட்டும் என்று காத்திராமல், மழைக்காலத்திற்கு முன் நம் வீட்டுத் தொட்டியைத் தூர்வாருவோம். பின்னர் தெருவாரை அழைத்து, நீர் இறைக்கும் அளவைப் பற்றிப் பேசுவோம். ஆட்டத்தில் ஆடுவோர் பேசிக்கொள்ள இயலாது; நமக்கோ அந்தத் தடை இல்லை. இதனைச் சிந்திப்போமாக.