சைக்கிளிலிருந்து இறங்குதல்

"வெயில்ல மிதிக்கிறதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

சித்தப்பா வீட்டு முன்வாசலில், காரிலிருந்து சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டது இது. கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அன்று சனிக்கிழமை. அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், தங்கை, சித்தப்பா மகன், நான் என எட்டுப் பேர். சுங்கை பஞ்சாங்கில் வயல் கால்வாய் ஓரமாகப் போய், செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, உள்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவது திட்டம். பதினான்கு கிலோமீட்டர் வரும். தோட்டத்துக் காவலரிடம் சித்தப்பா முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகளை ஒரு நாளாவது கைப்பேசியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது அண்ணியின் நோக்கம். எனக்கு அப்படி நோக்கம் எதுவும் இல்லை. வாரம் முழுக்கக் குளிரூட்டி அறையில் கணினித் திரையைப் பார்ப்பவனுக்கு வியர்ப்பதே ஒரு சுகம்தான்.

"இவ்ளோ தண்ணி, தொப்பி, கைக்கு உறை வேற. எங்க காலத்துல இதெல்லாம் இருந்திருந்தா இன்னும் பத்து மரம் சேர்த்து வெட்டியிருப்பேன்" என்றார் பாட்டி. எல்லாரும் சிரித்தோம். அவரும்தான்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். ரப்பர் பால் விடியலுக்கு முன்பு, குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் நன்றாக இறங்கும். மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றும், அழுத்தம் குறையும், பால் நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். சூரியன் பாட்டிக்கு ஒரு கெடு. அது உச்சிக்கு வருவதற்குள் மங்கு நிறைய வேண்டும், வாளி நிறைய வேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும், அன்றைக்கு வெட்டு கிடையாது, சம்பளமும் கிடையாது. மழையும் சரி வெயிலும் சரி, 'நல்ல வானிலை' என்று சொல்லக்கூடிய ஒன்றாக அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. 'வெளிய போக அருமையான நாள்' என்று தங்கை சொன்னபோது பாட்டி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

கிளம்பிய முதல் அரை மணி நேரம் நான் யோசித்தது இதைத்தான். ஒருவருடைய தண்டனை இன்னொருவருக்கு விளையாட்டாக ஆகலாமா?

நம் மேடைகளில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. 'நம் முன்னோர் வெயிலில் காய்ந்தார்கள், நாம் நிழலில் வாழ்வதற்காக.' கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் நமக்காகக் காயவில்லை. வேறு வழி கொடுக்கப்படாததால் காய்ந்தார்கள். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், அவர்கள்மேல் சுமத்தப்பட்டது அவர்களே விரும்பிக் கொடுத்த பரிசாக மாறிவிடுகிறது. சுமத்தியவர் கதையிலிருந்து நைசாக வெளியேறிவிடுகிறார். பரிசு என்றால் பெற்றுக்கொண்டு நன்றி சொன்னால் போதும். கணக்குத் தீர்ந்தது. இவ்வளவு சுலபமாகத் தீரும் கணக்கை நான் நம்புவதில்லை.

அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு மிதிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பாட்டி பட்ட பாடு நான் சோர்ந்துபோவதால் ஒரு துளியும் குறையாது. ஓய்வைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னது எனக்குப் பிடிக்கும்: நாம் உழைப்பது ஓய்வுக்காகத்தான், ஓய்வில்தான் மனிதன் முழுமையாக வாழ்கிறான். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கிரேக்கத்தில் ஓய்வைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் அந்த ஏதென்ஸ் நகரத்தின் ஓய்வை அடிமைகள் சுமந்தார்கள் என்பதையும், அதை அவர் இயல்பு என்றே நினைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இறந்துபோன காலத்துக் கேள்வி இல்லை இது. இன்றைக்கு என் ஓய்வை யார் சுமக்கிறார்?

வயல் பகுதி முடிந்தது. சிகிஞ்சான் பக்கம் வாரக்கடைசியில் வரும் கூட்டம் இங்கே இல்லை. கால்வாய் ஓரத்தில் தூண்டில் போட்டவர்கள் இரண்டு பேர், வரப்பில் வரிசையாகக் கொக்குகள், அவ்வளவுதான். தோட்டத்துக்குள் நுழைந்ததும் செம்பனை நிழல். காற்று நின்றுபோனது. நிழலில்தான் புழுக்கம் அதிகம் என்பது திறந்த வயலைத் தாண்டி வந்தவர்களுக்குத் தெரியும்.

தோட்ட அலுவலகம் கண்ணில் பட்ட இடத்தில் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். செயின் கழன்றுவிட்டதோ என்று நான் நிறுத்தினேன்.

"இல்ல. தாத்தா இப்படித்தான் இறங்குவாரு."

அப்பாவுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, எழுபதுகளின் தொடக்கத்தில், வேறொரு தோட்டத்தில். முன்கம்பியில் அப்பாவை உட்காரவைத்துத் தாத்தா மிதித்துப் போவார். கிராணி வீடு வந்ததும் இறங்கித் தள்ளுவார். தாண்டியதும் மறுபடி ஏறுவார். சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லை, இறங்காவிட்டால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். "ஏம்பா எறங்குறீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். 'எங்கப்பா எறங்குவாரு'ன்னாரு. அதுக்கு மேல அவருக்கே தெரியல."

தாத்தாவின் அப்பா ஏன் இறங்கினார் என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, வேலை நேரக் குறைப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குப் பள்ளி, முறையான மருத்துவம். இவற்றுக்கு நடுவில் இன்னொன்று: துரைமாரையோ மேல் உத்தியோகஸ்தரையோ கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரும் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவருமான ஆர்.எச்.நாதன் அந்த மே மாதம் கைதுசெய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் இதை முதன்முதலில் படித்தபோது அந்தச் சைக்கிள் கோரிக்கை எனக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. கூலிக்காகச் சாகலாம், சைக்கிளுக்காகவா? அப்பா தள்ளிக்கொண்டு நடந்த அந்த நூறு மீட்டரில் அது வேறு மாதிரி தெரிந்தது. கூலி குறைந்தால் வயிற்றுக்குத் தெரியும், கேட்கத் தோன்றும். இறங்குவது காலுக்குப் பழகிவிட்டால் கேட்கவே தோன்றாது. மகனுக்கும் போய்ச் சேரும்.

அலுவலகத்தைத் தாண்டி இரண்டு வளைவு. பதினொரு மணி இருக்கும். எதிரே ஒரு தொழிலாளி சைக்கிளில் வந்தார். அயல்நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். குலை வெட்டும் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார், பின்னால் ஒரு சாக்கு. எங்களைப் பார்த்ததும் இறங்கினார். சைக்கிளை ஓரமாக, பரிட்டின் விளிம்புவரை இழுத்துக்கொண்டு, கம்பை மறுபக்கம் திருப்பிப் பிடித்து, எட்டுப் பேரும் கடந்து போகும்வரை நின்றார். அண்ணன் மகள் "தேங்க் யூ அங்கிள்" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் போனேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

பொறியியல் படித்தவன் என்பதால் குறைந்த அனுமானத்தில் முடியும் விளக்கத்தைத்தான் முதலில் தேடுவேன். சாலை குறுகல். கம்பு நீளம், அரிவாள் கூர்மை, எதிரே சிறு பிள்ளைகள். அவர் இறங்கியது எச்சரிக்கை, அல்லது வெறும் மரியாதை. 1941ஐ அவர் தோளில் ஏற்றுவது என் வாசிப்புப் பழக்கம் மட்டுமாகவும் இருக்கலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஆனால் என் மனதில் என்ன இருந்தது என்று தெரியும். ஒன்றும் இல்லை. சாலை குறுகல் என்றால் அது எங்களுக்கும் குறுகல்தான். சுமையோடு வந்தவர் அவர், வெறுங்கையோடு வந்தவர்கள் நாங்கள். அவர் வெட்டும் குலைக்கு எடை பார்த்துக் கூலி என்றால், நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவருடைய காசு. எங்களிடம் இருந்ததோ ஒரு முழுச் சனிக்கிழமை. எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட நாம் இறங்கலாமே என்று தோன்றவில்லை. அதிலும், சற்று முன்புதான் தாத்தா கதையைக் கேட்டு நெகிழ்ந்திருந்தேன்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழுநாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. என் அலுவலகம் இரண்டு நாள் கொடுக்கிறது. என் சனியும் அவர் சனியும் ஒரே நாள் இல்லை. வெயிலும் அப்படித்தான். வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வரும், அண்ணி அதை உடனே குடும்பக் குழுவில் போடுவார். செம்பனைக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் அன்று வெயிலை ரசிக்க முடிந்ததே, வேண்டாம் என்று தோன்றும் நிமிடத்தில் அதிலிருந்து வெளியேறலாம் என்பதால்தான்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் மிதித்தார். பிறகு, "திரும்பி வர்றப்ப யாராச்சும் வந்தா நாம எறங்கிக்குவோம்" என்றார். பிள்ளைகளிடமும் சொன்னார். சின்னவன், "ஏன் தாத்தா? போலீஸா?" என்று கேட்டான். அப்பா பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். திரும்பும் வழியில் யாருமே வரவில்லை. வெட்டி அடுக்கிய குலைகள் மட்டும் சாலையோரம் லோரிக்குக் காத்திருந்தன.

சாயங்காலம் தே குடிக்கும்போது தங்கை பாட்டியிடம் இதைச் சொன்னாள். 1941, கோரிக்கைப் பட்டியல் எல்லாம் நான் நடுவில் சேர்த்தேன். பாட்டிக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

"அந்தப் பையனுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

ஆளுக்கொரு போத்தல், காரில் ஒரு பெட்டி மிச்சம். யாரும் கொடுக்கவில்லை.

இரவு திரும்பும்போது அண்ணி சொன்னார், அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை வரலாம், அன்றைக்குத் தோட்டத்தில் வேலை இருக்காது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. முன்சீட்டில் கண்ணை மூடியிருந்த அப்பா, "ஞாயித்துக்கெழம போனா அவன நாம பார்க்கமாட்டோம். அவ்வளவுதானே?" என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு ஞாயிறு காலையில் டியூஷன் வேறு இருக்கிறது. இன்னும் தேதி முடிவாகவில்லை.